திருப்பி அனுப்பிய பணம்: ஒரு சிறு கட்சியின் நன்கொடைக் கணக்கில் நடந்தது

பின்னணி

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் ஒரு தொகுதியில் சிறு கட்சி ஒன்று வேட்பாளரை நிறுத்தியது. தேர்தல் ஆணையத்தில் பதிவு பெற்ற கட்சிதான். ஆனால் அங்கீகாரம் கிடையாது, நிலையான சின்னமும் கிடையாது. வேட்பாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பொருளாளர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எல்லாருக்கும் ‘அண்ணே’. தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என்னை, கணக்கு எழுத ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். நான் கட்சி உறுப்பினர் இல்லை. ஆட்களையும் தொகுதியையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை இங்கே விட்டிருக்கிறேன்.

வேட்புமனுத் தாக்கல் மார்ச் 12 முதல் 19 வரை, வாக்குப்பதிவு ஏப்ரல் 6, எண்ணிக்கை மே 2. அப்போது ஒரு சட்டமன்ற வேட்பாளர் 30.8 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். எங்கள் வேட்பாளருக்கு அதில் நாலில் ஒரு பங்கு திரண்டாலே பெரிய விஷயம். ஆகவே உச்சவரம்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் யாரும் கவலைப்படவில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

சட்டம் சொல்வது சுருக்கமாக இது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 29பி பிரிவுப்படி எந்தக் கட்சியும் வெளிநாட்டு மூலத்திலிருந்து நன்கொடை வாங்கக் கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் 3ஆம் பிரிவு இன்னும் விரிவானது. கட்சி, கட்சியின் நிர்வாகி, வேட்பாளர், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர் எல்லாருக்கும் அது தடை விதிக்கிறது. அவர்கள் சார்பாக இடையில் நின்று வாங்கிக் கொடுப்பவருக்கும் அதே தடை உண்டு. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டு மூலம் என்ற சொல்லுக்குள் வெளிநாட்டு அரசும் நிறுவனமும் மட்டுமல்ல, வெளிநாட்டுக் குடிமகனும் அடக்கம். அவர் கொடுப்பது டாலரா ரூபாயா என்பது பொருட்டே இல்லை. அவர் யார் என்பதுதான் கேள்வி.

மார்ச் 9 முதல் 17 வரை: ஸ்டேட்மென்டில் தெரிந்தது

மார்ச் 9ஆம் தேதி கட்சிக் கணக்கின் கியூஆர் கோடை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அது வேட்பாளரின் பழைய மாணவர்கள் குழு. முப்பது வருடம் பாடம் எடுத்தவர். மாணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ‘சாருக்கு நம்மால் முடிந்தது’ என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஒரே வாரத்தில் 63 வரவுகள், மொத்தம் 5,86,000 ரூபாய். கட்சி ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு பணத்தை அவர்கள் பார்த்ததில்லை.

15ஆம் தேதி வேட்பாளர் பெயரில் தனி வங்கிக் கணக்கு திறந்தோம். மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது அது இருந்தாக வேண்டும். 17ஆம் தேதி மனு கொடுத்தாயிற்று. தேர்தல் நடத்தும் அலுவலகத்தில் தந்த கணக்குப் பதிவேட்டை அன்று இரவு கடையில் உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினேன். வெள்ளைப் பக்கத்தில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. கட்சி எவ்வளவு தரப் போகிறது என்று தெரிந்துகொள்ள, கட்சிக் கணக்கின் ஸ்டேட்மென்டையும் பிரின்ட் எடுக்கச் சொன்னேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரே பெயர் ஆறு முறை வந்திருந்தது. ஆறு நாள், நாளுக்கு 45,000. கடைசி இலக்கம் வரை ஒரே தொகை. மனிதர்கள் மனம் விரும்பிக் கொடுக்கும் பணம் இப்படி வராது. ஒரு நாள் ஐயாயிரம் வரும், இன்னொரு நாள் இருபதாயிரம் வரும். இப்படிச் சீராக வந்தால் பின்னால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அது வேட்பாளரின் மைத்துனர். சென்னையில் இருக்கிறார். போன் போட்டதும் ஒளிக்காமல் சொன்னார்: “என் காசு நாற்பதாயிரம்தாங்க. மீதி மாமாகிட்ட படிச்ச பசங்க அனுப்பினது. ஐம்பதாயிரம் தாண்டினா பான் கேப்பாங்கன்னு சொன்னாங்க, அதான் பிரிச்சு பிரிச்சு போட்டேன்.” பசங்க எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். சிங்கப்பூர், நியூஜெர்சி, துபாய்.

அதற்கப்புறம் மீதி 57 வரவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இந்தியாவில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயில் வரும் பணத்தைப் பார்த்து அனுப்பியவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று சொல்லவே முடியாது. ஸ்டேட்மென்டில் பெயர் இருக்கும், குடியுரிமை இருக்காது. குழுவில் இருந்த ஒரு பழைய மாணவரை வைத்து ஒவ்வொருவராகக் கேட்டோம். நேரடியாக அனுப்பியவர்களில் 11 பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். 7 பேர் கையில் இந்தியப் பாஸ்போர்ட். மற்ற 4 பேரில் மூவர் ஓசிஐ (‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’) அட்டை வைத்திருந்த அமெரிக்கக் குடிமக்கள், ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகன். இந்த நால்வரின் பணம் 82,000.

மைத்துனர் வழியாக வந்த 2,70,000இல் அவருடையது 40,000. இந்தியக் குடிமக்கள் இருவருடையது 90,000. வெளிநாட்டுக் குடிமக்கள் மூவருடையது 1,40,000.

ஓசிஐ அட்டை விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதில் ‘குடிமகன்’ என்ற சொல் இருப்பதால் அதை ஒருவகைக் குடியுரிமை என்றே நினைக்கிறார்கள். நடைமுறையில் அது வாழ்நாள் விசா. வைத்திருப்பவர் வெளிநாட்டுக் குடிமகன்தான். துபாயில் இருபது வருடம் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் நன்கொடை தரலாம். வருடா வருடம் ஊர்த் திருவிழாவுக்கு வரும் அமெரிக்கக் குடிமகன் தரக் கூடாது.

மார்ச் 18: எடுத்த முடிவு

காலையில் நால்வர் உட்கார்ந்தோம். கட்சிக் கணக்கில் அப்போது 2,76,000 இருந்தது. 3,10,000 ஏற்கெனவே நோட்டீஸ், கொடி, வண்டி முன்பணம் என்று போய்விட்டது.

பொருளாளர் கேட்டார்: “தம்பி, கையில இருக்கிறதையும் திருப்பிக் கொடுத்துட்டா வண்டிக்கு டீசல் எதுல போடறது? பெரிய கட்சிக்காரன் கம்பெனி கம்பெனியா வாங்கறான். அந்தக் கம்பெனியில எல்லாம் வெளிநாட்டுப் பங்கு இல்லியா?”

நியாயமான கேள்வி. 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் இந்தியத் துணை நிறுவனங்களிடமிருந்து நாட்டின் இரண்டு பெரிய கட்சிகள் வாங்கிய நன்கொடை சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. 2016 நிதிச் சட்டத்தின் வழியாக வெளிநாட்டு மூலம் என்பதன் வரையறையே மாற்றப்பட்டது. அந்நிய முதலீட்டுக்கு அந்தந்தத் துறையில் அனுமதித்த வரம்புக்குள் பங்கு இருந்தால், அந்த நிறுவனம் இனி வெளிநாட்டு மூலம் இல்லை. 2018இல் இந்தத் திருத்தத்தை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கிச் செல்லும்படி செய்தார்கள். பழைய வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் அமலுக்கு வந்த நாள் அது. இதற்கு நடுவே தேர்தல் பத்திரங்கள் வந்தன. கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லாமல் வாங்கலாம், ஆனால் கடந்த மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் 1 சதவீத ஓட்டாவது வாங்கிய கட்சிக்குத்தான் அது செல்லும். எங்களுக்கு அந்த வாசலும் இல்லை. (2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அன்றைக்கு அது நடப்பில் இருந்தது.)

அதாவது, பெரும்பான்மைப் பங்கு வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிறுவனம் கோடிகளில் கொடுக்கலாம். பழைய மாணவர் ஒருவர் இருபதாயிரம் கொடுத்தால் குற்றம். இது எனக்கும் உறுத்தியது. அண்ணனிடம் சொன்னேன்: “கேள்வி சரிதாண்ணே. ஆனா அது நாடாளுமன்றத்துல கேக்க வேண்டிய கேள்வி. நம்ம ஸ்டேட்மென்ட்டுக்கு அது பதில் ஆகாது.”

முடிவைச் சொன்னது வேட்பாளர். “பணம் நாளைக்கே போகணும். நான் ஜெயிச்சா இந்தக் கணக்கைத்தான் முதல்ல தோண்டுவாங்க” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயிப்பார் என்று அவர்களே நம்பவில்லை.

வெளிநாட்டுக் குடிமக்கள் ஏழு பேரின் 2,22,000 முழுவதையும் திருப்புவது என்பதில் சர்ச்சை இல்லை. மைத்துனர் வழியாக வந்த இந்தியக் குடிமக்களின் 90,000 பற்றித்தான் பேசினோம். அந்தப் பணத்தில் வெளிநாட்டுத் தடை இல்லை. ஆனால் வங்கிக் கணக்கில் இருப்பது மைத்துனரின் பெயர். ஒருவர் ஒரு நிதியாண்டில் 20,000க்கு மேல் கொடுத்தால் கட்சி அதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவின்படி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது யார் பெயரை எழுதுவது? மைத்துனர் பெயரை எழுதினால் பொய். ஆகவே அதையும் திருப்பி, நேரடியாக அனுப்பச் சொல்வது என்று முடிவானது. மொத்தம் 3,12,000. கணக்கில் இருந்ததைவிட 36,000 அதிகம். அந்த 36,000ஐப் பொருளாளர் தன் கணக்கிலிருந்து காசோலையாகக் கைமாற்றுக் கொடுத்தார். கேள்வி கேட்டவரும் அவரே, குறையை நிரப்பியவரும் அவரே.

இன்னொரு சிக்கலும் வந்தது. வேட்பாளரின் சொந்த அண்ணன் சிங்கப்பூர்க் குடிமகன். அவர் தம்பியின் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு 60,000 அனுப்பியிருந்தார். 2010 சட்டத்தின் 4ஆம் பிரிவு உறவினரிடமிருந்து வரும் பணத்துக்கு விலக்கு தருகிறது. அது அந்த நபருக்கான விலக்கு. கட்சிக்கு அது பொருந்தாது. அதைத் தேர்தலுக்குச் செலவு செய்யலாமா என்று வாதாடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அந்தப் பணம் அந்தக் கணக்கிலேயே கிடக்கட்டும், தேர்தல் கணக்குப் பக்கம் வர வேண்டாம் என்று சொன்னேன். வேட்பாளரின் மகள் கல்யாணத்துக்கு அது பயன்பட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

18, 19 தேதிகளில் பணம் வந்த கணக்குக்கே வங்கி வழியாகத் திரும்பிப் போனது. ரொக்கமாக ஒரு ரூபாயும் இல்லை. மைத்துனரிடம் ‘யாருடைய பணம், எவ்வளவு, எப்போது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். 19ஆம் தேதி மாலை கட்சிக் கணக்கில் இருப்பு பூஜ்யம்.

திருப்பிக் கொடுத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சட்டம் ‘ஏற்பது’ என்பதையே தடுக்கிறது. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுக் கட்சிகள் சட்டத்தில், நன்கொடை வந்த 30 நாளுக்குள் கொடுத்தவரைச் சரிபார்த்துத் தகாததைத் திருப்ப வேண்டும் என்று இருக்கிறது. நம் சட்டத்தில் கட்சிகளுக்கு அப்படி ஓர் அவகாசம் எழுதப்படவில்லை. கியூஆர் கோடை ஒட்டிவைத்தால் யார் வேண்டுமானாலும் பணம் போடலாம், வாங்குபவர் தடுக்க முடியாது. இந்தக் காலத்துக்கு அந்த 30 நாள் விதி அவசியம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 24 முதல் 29 வரை: எதிர்பார்க்காத இடத்தில்

24ஆம் தேதி ஒரு தொண்டர் போனைக் காட்டினார். சமூக வலைத்தளம் ஒன்றில் தொகுதியின் பெயரை வைத்து ஒரு பக்கம். அதில் எங்கள் வேட்பாளரைப் புகழ்ந்து மூன்று விளம்பரங்கள், எதிர் வேட்பாளர் ஒருவரைத் தாக்கி ஒன்று. தாக்கியதில் ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னது பொய். அவர் மனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். பணம் கொடுத்தவர் யார் என்ற வரி எதிலும் இல்லை. பக்கத்தின் விவரத்தில், நிர்வகிப்பவர்கள் இருவரும் வெளிநாட்டில் இருப்பதாகக் காட்டியது.

‘நமக்கு நல்லதுதானே, விடுங்க’ என்றவர்கள் உண்டு. இரண்டு காரணத்துக்காக விடக் கூடாது என்றேன். ஒன்று, சமூக ஊடக விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன்சான்று வேண்டும், அது இல்லை. இரண்டு, வேட்பாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று எடுத்துக்கொண்டால், செலவு நம் தலையில் விழுவதோடு பொய்யும் நம் பொய் ஆகிவிடும்.

25ஆம் தேதி ஸ்கிரீன்ஷாட்டுகளோடு தேர்தல் நடத்தும் அலுவலருக்கு வேட்பாளர் கடிதம் கொடுத்தார்: இந்தப் பக்கத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை, நான் அனுமதி தரவில்லை, நடவடிக்கை எடுங்கள். நகல் கண்காணிப்புக் குழுவுக்கு. ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டோம்.

பக்கத்தை நடத்தியவர் யார் என்பது இரண்டு நாளில் தெரிந்தது. நாங்கள் பணத்தைத் திருப்பி அனுப்பிய எழுவரில் ஒருவர். ‘கட்சிக்குத் தர முடியாதுன்னா என் காசுல நானே விளம்பரம் போடறேன், யார் கேக்கறது’ என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறார். சாரை ஜெயிக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் செயலை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர், முகம் காட்டாமல், வெளிநாட்டில் இருந்தபடி பணம் கட்டி, இந்தியத் தேர்தல் ஒன்றில் வேட்பாளர் ஒருவரைப் பற்றிப் பொய் பரப்பினார்.

வேட்பாளரே அவரிடம் பேசினார். பத்தாம் வகுப்பில் பேசிய அதே குரல்தான். 28ஆம் தேதி விளம்பரங்கள் நின்றன.

சட்டத்தின் ஓட்டை இங்கே பளிச்சென்று தெரிந்தது. சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை. அந்தப் பிரிவு காகிதத்தை நினைத்து எழுதியது. இணைய விளம்பரத்துக்கு ஆணையத்தின் அறிவுறுத்தல்களும் வலைத்தளங்கள் தாங்களே வகுத்த விதிகளும்தான். வேட்பாளரின் அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்பவருக்கு, அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 171எச் பிரிவில் அபராதம் 500 ரூபாய் வரை. 10 ரூபாய்க்குள் செலவு செய்துவிட்டு 10 நாளுக்குள் வேட்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினால் குற்றமே இல்லை! இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அபராதம் 10,000 ஆகிவிட்டது. அந்த 10 ரூபாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

29ஆம் தேதி கணக்கு ஆய்வுக்குப் போனோம். எங்கள் செலவைச் செலவினப் பார்வையாளரின் குழு தாங்களே கணித்து எழுதி வைத்திருந்த நிழல் பதிவேட்டில் அந்த விளம்பரங்களுக்கு 18,500 ரூபாய் என்று எங்கள் பெயரில் ஏறியிருந்தது. கடிதத்தைக் காட்டினோம். கடிதம் அவர்களின் பதிவுக்கு முந்தைய தேதியில் இருந்ததால் ‘உடந்தை’ என்ற பேச்சு வரவில்லை. ஆனால் தொகையை நீக்கவும் இல்லை. உச்சவரம்புக்கு வெகு தொலைவில் இருந்ததால் நாங்களும் இழுக்கவில்லை. எங்கள் மறுப்பை எழுத்தில் வைத்துவிட்டு அந்தத் தொகையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். உச்சவரம்பை ஒட்டிச் செலவு செய்த ஒரு வேட்பாளராக இருந்தால் இந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

அதற்குப் பின்

வேட்பாளர் டெபாசிட் இழந்தார். பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். அதன் பக்கத்தில்கூட வரவில்லை. மே மாத முழு ஊரடங்கில் வவுச்சர்களை வாட்ஸ்அப்பில் வாங்கி, மே 28இல் கணக்கைத் தாக்கல் செய்தோம். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம். எங்கள் கணக்கு கேள்வி இல்லாமல் ஏற்கப்பட்டது. நன்கொடை விஷயத்தில் இன்று வரை எந்த நோட்டீசும் வரவில்லை.

நேரடியாக அனுப்பச் சொன்ன இருவரில் ஒருவர் 50,000ஐ மறுபடி அனுப்பினார். மற்றவர் 40,000ஐ அனுப்பவில்லை. மைத்துனர் ஒரு வருடம் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. பொருளாளரின் 36,000ஐக் கட்சி நான்கு தவணையில் அடைத்தது.

எதை மாற்றுவேன்

பணத்தைத் திருப்பியது சரி. திருப்பிய விதம் தவறு, அது என் தவறு. எழுவருக்கும் நான் எழுதிக் கொடுத்த செய்தி ஒரே வரி: ‘சட்டக் காரணங்களால் தங்கள் நன்கொடை திருப்பி அனுப்பப்படுகிறது.’ அன்போடு கொடுத்தவருக்கு அது கன்னத்தில் அடித்தது மாதிரி இருந்திருக்கும். எந்தச் சட்டம், ஏன், வேறு என்னென்ன செய்யக் கூடாது என்று அன்றே போன் செய்து பத்து நிமிடம் பேசியிருந்தால், அந்தப் பக்கம் பிறந்தே இருக்காது. ஒரு கதவை மூடினால் பணம் அடுத்த கதவைத் தேடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தொழிலே அதுதானே.

கியூஆர் கோடைக் குழுவில் போடுவதற்கு முன்பே கேள்வி கேட்டிருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் அந்தக் கட்சி சில வார்டுகளில் நின்றது.  கட்சி மீதான தடை எந்தத் தேர்தலுக்கும் உண்டு. ஆகவே இந்த முறை கியூஆர் கோடு வெளியே போகவில்லை. ஒரு சிறு படிவம்தான் போனது. பெயர், முகவரி, பான், ‘உங்கள் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?’, ‘இது முழுவதும் உங்கள் சொந்தப் பணமா?’ நிரப்பியவருக்கு மட்டும் பொருளாளர் கணக்கு எண்ணை அனுப்பினார்.

திரண்டது 1,12,000. அதில் 5,000 மைத்துனருடையது. படிவத்தின் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.